ஆயிரம் கட்டங்களில் ஒரு குளம்

ஒன்றுமில்லை. மூன்றாவது தடவையும் ஒன்றுமில்லை. முதல் வரிசையின் ஐம்பது கட்டத்தில் இல்லை, இரண்டாவது வரிசையில் இல்லை, இருபதாவது வரிசையின் கடைசிக் கட்டம்வரை வெறும் வெளிச்சம், அங்கங்கே ஒரு தூசி, ஒரு நார். கோகிலவாணியின் இடது கைக் கட்டைவிரல் எண்ணும் கருவியின் பொத்தான்மேல் காத்துக் கிடந்தது. நுண்ணோக்கியில் ஒரு பூச்சி தெரிந்தால் ஒரு அழுத்து, டிக் என்று சத்தம், எண் ஒன்று கூடும், பத்தொன்பது வருஷமாக அந்த விரலுக்கு அதுதான் உத்தியோகம், இன்றைக்குக் காலையிலிருந்து அது சும்மா இருக்கிறது. கருவியின் சின்ன ஜன்னலில் நாலு சைபர். ஒரு மில்லி தண்ணீர்தான், பள்ளம் வெட்டிய கண்ணாடித் தகட்டில் அதை விட்டு மேலே இன்னொரு கண்ணாடியை மூடினால் அடியில் கீறிய ஆயிரம் கட்டங்களில் பரவி நிற்கும், ஒரு மூலையில் ஏர் பூட்டி மறு மூலையில் அவிழ்ப்பதுபோல் போய்ப் போய்த் திரும்பி எண்ண வேண்டும். ஊத்துப்பாறைக் குளத்துத் தண்ணீரென்றால் எந்த மாதமும் நூறு, நூற்றைம்பது தேறும். மோசமான மாதத்தில்கூட நாற்பது. சைபர் என்று இதுவரை அவள் எழுதியதே இல்லை. பூச்சி என்று அவள் சொல்வதைக் கேட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பார்கள், விலங்கு மிதவை உயிரி என்று சொல்லுங்க மேடம் என்பார்கள், பரீட்சையில நீங்க எழுதிக்குங்க கண்ணுகளா, குளத்துல அதுகளுக்கு அந்தப் பேரு தெரியாது என்பாள் இவள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தண்ணீரில் துள்ளும் அந்தப் பொடிசுகள் பாசியைத் தின்னும், பொடிசுகளை மீன்குஞ்சு தின்னும், குஞ்சு மீனாகும், மீனைக் கொக்கும் மனுசனும் தின்பார்கள், நடுவில் ஒரு படி இல்லாமல் போனால் மேலே நிற்பவன் எங்கே கால் வைப்பான், குளத்தில் புதிதாக விட்ட எண்பதாயிரம் குஞ்சு எங்கே கால் வைக்கும், குஞ்சுக்கு ஏது கால், என்ன நினைப்பு இது, மின்விசிறி ஏன் இன்றைக்கு இப்படிக் கத்துகிறது. எழுந்து போய் அதை நிறுத்தினாள். நிறுத்தியபின் ஆய்வகம் இன்னும் மோசமாக இருந்தது. திரும்பவும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கோகிலவாணிக்கு ஒரு கெட்ட பழக்கம், கெட்ட செய்தியை ஆறப்போடத் தெரியாது. நல்ல செய்தியென்றால் மூன்று நாள் மடியில் கட்டி வைத்திருப்பாள், கெட்டது வந்தால் அடுத்த நிமிஷம் யார் தலையிலாவது இறக்கிவிட வேண்டும். முதல் தடவை சைபர் வந்தவுடனேயே போனை எடுத்துவிட்டாள். மூன்று முறை எண்ணாமல் வாயைத் திறக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் ஒரே முறை எண்ணிவிட்டு வாயைத் திறந்துவிட்டாள். காரணம் இருந்தது, காரணம் இல்லாமல் யார்தான் தப்புப் பண்ணுகிறார்கள். குளத்து மீனவர் சங்கத்தின் தலைவர் சென்னியப்பன் நேற்று பரிசலிலேயே சொல்லிவிட்டார், பூச்சி இல்லீன்னா வெய்யில் ஏறறதுக்குள்ள சொல்லிப்போடுங்க டீச்சர், குஞ்சை வலை போட்டு அள்ளித் தோட்டத்துக் குட்டைக்காச்சும் மாத்தோணும், பசியில சாகறதப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியாதுங்க. நான் டீச்சர் இல்லீங்கண்ணா, வெறும் லேப் அசிஸ்டென்டு என்று அவள் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவரும் ஆறு வருஷமாகச் சரி டீச்சர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்பதே கால் மணிக்குக் கூப்பிட்டு, அண்ணா, ஒண்ணுமே இல்லீங்க என்றாள். அந்தப் பக்கம் காற்று இரைந்தது. ஒரு மாடு கத்தியது. அப்புறம் அவர் செரிங்க என்றார், வைத்துவிட்டார். செரிங்க. அது என்ன செரிங்க? கோபமா, வருத்தமா, வலையை இறக்கப் போகிறேன் என்பதா, உன்னை நம்பிக் குஞ்சு விட்டேனே என்பதா? இந்த ஊரில் காப்பி குடிக்கிறீங்களா என்றாலும் செரிங்கதான், மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றாலும் செரிங்கதான், அதைத் தூக்கி எந்தத் தராசில் வைப்பது. இந்நேரம் சங்கத்தின் நாற்பது வீட்டு ஆட்களும் குளத்துக்குள் இடுப்பளவு இறங்கியிருப்பார்கள். விரல் நீளக் குஞ்சு, வலை உரசினாலே செதில் உதிர்ந்துவிடும், டிரம்மில் போட்டு டெம்போவில் ஏற்றினால் குட்டை போய்ச் சேர்வதற்குள் பாதி வயிறு மேலாகத் திரும்பிவிடும். மீதிப் பாதியாவது பிழைக்குமே என்றுதான் கணக்கு. அந்தக் கணக்கைச் சொன்னதும் இவள்தான்.

கண்ணாக இருக்குமோ? அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது, வெட்கமில்லாத சந்தோஷம். வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது என்று போன மாதம்தான் கண் டாக்டர் சொன்னார். ஆரம்பம்தாம்மா, அவசரமில்ல, வருஷத்துக்கொரு தடவை வந்து காட்டுங்க என்றார். வீட்டில்கூட அவள் சொல்லவில்லை. துறைத் தலைவர் அருளப்பன் சாரிடம் கண்டிப்பாகச் சொல்லவில்லை. அவருக்குப் பட்டம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, கருத்தரங்கில் பேச வாய் இருக்கிறது, இவளிடம் இருப்பது இரண்டு கண், அதில் ஒன்று மங்குகிறது என்றால் இந்த ஸ்டூலில் வேறு யாரையாவது உட்காரவைத்துவிட மாட்டாரா? ஆனால் இப்போது, கடவுளே, கண்ணாகவே இருக்கட்டும், குளத்தில் எல்லாம் இருந்து எனக்குத் தெரியாமல் போயிருக்கட்டும், நான் குருடியாக இருந்துவிட்டுப் போகிறேன். அலமாரியைத் திறந்து, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று பத்து வருஷத்துக்கு முன் தானே பிசின் விட்டு ஒட்டி வைத்த பழைய கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். ஒற்றைக்கண்ணி. நெற்றி நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டுக் கண்ணோடு பிறக்கும் பூச்சி. தெரிந்தது. பொட்டு தெரிந்தது, மீசை தெரிந்தது, மீசையின் கணுக்கணுவாக முளைத்த ரோமங்கள் தெரிந்தன, வாலின் பிளவுகூடத் தெரிந்தது. எந்தப் புண்ணியவதியும் தன் கண் நன்றாகத் தெரிகிறதே என்று இப்படி மனசு உடைந்திருக்க மாட்டாள். சில்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அப்படியென்றால் குளம்தான்.

தலை பெரிசு. அதுதான் முதலில் வரும். வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாலும் அந்த மீன் வந்து கண்முன் நிற்கிறது, தலை பெரிசாக, உடம்பு கத்திபோல் ஒட்டி. அவளுக்கு அப்போது பதினொரு வயது. அப்பா வெள்ளியங்கிரி சாயப்பட்டறையில் துணி முக்கினார். அவர் நகத்தைப் பார்த்தே அன்றைக்குப் பட்டறையில் என்ன நிறம் ஓடியது என்று சொல்லிவிடுவாள், இன்னிக்கு ஊதா, இன்னிக்கு மெரூன், நேத்தைய பச்சை சுண்டுவிரல்ல மட்டும் பாக்கி இருக்குதுப்பா. அவருக்கும் அந்த விளையாட்டுப் பிடிக்கும், கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொல்லு பாக்கலாம் என்பார். அந்தக் கை கழுவிய தண்ணீரும் முக்கிய தொட்டித் தண்ணீரும் வாய்க்காலில் இறங்கி எங்கே போயின என்று அவள் யோசித்ததில்லை, வாய்க்கால் என்றால் குளத்துக்குப் போகும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. குளம் முதலில் ஆறிப்போன டீத்தண்ணி மாதிரி ஆனது. கரையோரம் நுரை கட்டியது. மீன் உடனே சாகவில்லை, அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், மீன் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா நாலு ஜிலேபிக் கெண்டை கொண்டுவந்தார். அம்மா அரிவாள்மனையில் வைத்து அறுக்கப் பார்த்துவிட்டு, என்னுங்க இது, தலைய மட்டும் வாங்கிட்டு வந்துட்டீங்களா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தார், அவள் சிரித்தாள், குழம்பில் முள்ளைத் தேடிச் சதையைத் தேடி ஆளுக்கொரு கேலி பேசித் தின்றார்கள். இரண்டு மாதம் கழித்துக் குளம் முழுக்க வெள்ளை வயிறாக மிதந்தது, விஷம் குடித்துச் செத்தது என்றது ஊர். இந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் புத்தகத்தில் ஒரு படம் பார்த்தாள், தலை பெருத்து உடல் ஒட்டிய மீன், கீழே பட்டினி என்று போட்டிருந்தது. விஷம் மீனைத் தொடவேயில்லை, மீனைத் தொடுமுன் மீனின் சோற்றைத் தொட்டுவிட்டது. வீட்டுக் குழம்பில் கிடந்தது பசித்துப் பசித்து மெலிந்த ஒரு ஜீவன், அதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறோம். அன்று மதியம் அவளால் சாப்பிட முடியவில்லை. அப்பாவிடம் போய் என்னத்தைச் சொல்ல? அந்த ஊதா நகம் போட்ட சோறுதான் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பியது, விலங்கியல் படிக்க வைத்தது. அவர் போய்ச் சேரும்வரை அவள் சொல்லவில்லை.

அப்புறம் பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி அனுப்ப ஏற்பாடு வந்தது, நாலு வருஷம் நல்ல மழை பெய்தது, குளம் தானாகத் தன்னைக் கழுவிக்கொண்டது. முதல் தடவை நீர்த்தெள்ளு தெரிந்த நாள் ஞாபகம் இருக்கிறது. எள்ளளவு உடம்பு, கண்ணாடி மாதிரி, உள்ளே இதயம் துடிப்பது அப்படியே தெரியும், மேசையை விட்டு எழுந்து வராந்தாவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள், அலுவலகக் கணக்கர்கூட வந்து எட்டிப் பார்த்து, ஏம்மா, இதுக்கா இத்தனை கூப்பாடு என்று கேட்டுவிட்டுப் போனார். இதற்குத்தான். சென்னியப்பன் கூட்டத்தார் பரிசலைத் தார் பூசித் திரும்பவும் இறக்கினார்கள், வருஷா வருஷம் கட்லாவும் ரோகும் விட்டுப் பிடித்தார்கள். போன மாதம் ஒரு ஞாயிறன்று எந்தப் பாவியோ ராவோடு ராவாகச் சாயத்தண்ணியை வாய்க்காலில் திறந்துவிட்டான், ஒரு நாள் பூராவும் மடைவாய் ரத்தம் மாதிரி ஓடியது, யார் என்று இன்னும் தெரியவில்லை. அப்போதுதான் குஞ்சு விடும் பருவம். விடலாமா டீச்சர், நீங்க சொன்னா விடறோமுங்க என்றார் சென்னியப்பன். அருளப்பன் சாரைக் கேட்டால் மேற்கொண்டு ஆய்வு தேவை என்பார், அவருடைய எல்லாக் கட்டுரைகளும் அப்படித்தான் முடியும். அவள் எண்ணிப் பார்த்தாள். அறுபத்திரண்டு. குறைவுதான், ஆனால் அதற்கு முந்தின வாரம் நாற்பத்தொன்று, ஏறிக்கொண்டுதான் இருந்தது. விடுங்க என்றாள். ஒரு சொல். பத்து நாளைக்கு முன்னால் மடையோரம் நின்று அவளும் ஒரு பிளாஸ்டிக் பையை அவிழ்த்துவிட்டாள், குஞ்சுகள் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு அப்புறம் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிப் போயின, யாரோ கூப்பிட்டதுபோல. சென்னியப்பனின் மனைவி ராமாத்தாள் தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டு, போய்ப் பொழச்சுக்குங்க சாமி என்றாள். எண்பதாயிரம் வாய். ஏறிக்கொண்டிருந்தது ஏன் இறங்கியது? சாயம் உடனே கொல்லாமல் முட்டையைக் கொன்றிருக்கும், தாய் செத்தபின் அடுத்த தலைமுறை பொரிக்காமலே போயிருக்கும், அப்படி நடக்கும் என்று படித்திருக்கிறாளே, படித்தது அந்த நேரத்தில் ஏன் நினைவுக்கு வரவில்லை, விடுங்க என்று சொல்லும்போது ஏன் வரவில்லை, இப்போது மட்டும் பக்க எண்ணோடு ஏன் வருகிறது. அந்தக் குஞ்சுகள் எல்லாம் தலை பெருக்கும். எண்பதாயிரம் தலை.

கண்ணில் தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. புறங்கையால் துடைத்தாள், திரும்பவும் வழிந்தது, வழியட்டும், ஃபார்மலின் விட்ட பாட்டிலைத் திறந்தால் என்றைக்கும் இப்படித்தான். பரிசலிலேயே பூச்சிகளின்மேல் ஃபார்மலினை விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கல்லூரி வந்து சேர்வதற்குள் ஒன்றை ஒன்று தின்றுவிடும், பாட்டிலுக்குள் கடைசியாக ஒரு கொழுத்த பூச்சிதான் மிஞ்சும். அந்த மருந்து வாடை கண்ணைக் கரிக்கும், தொண்டையைக் காறும், மூடியைத் திறந்த கையோடு மூன்று தும்மல் வரும், அடுத்த அறையிலிருந்து சார், என்ன கோகிலா, எண்ண ஆரம்பிச்சாச்சா என்பார். மூன்று தும்மல். இன்றைக்குச் சார் கேட்கவில்லை. சார் வந்திருக்கிறார், அவர் செருப்புச் சத்தம் எட்டரை மணிக்கே கேட்டது. கேட்கவில்லை, ஏனென்றால் தும்மவில்லை. தும்மவில்லை, ஏன்? பழகிவிட்டதா? பத்தொன்பது வருஷத்தில் பழகாதது இன்றைக்குக் காலையிலா பழகும்? கண் மட்டும் கரிக்குமா, மூக்கு அரிக்காமல்? அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண் கரிக்கவே இல்லை. இது மருந்துத் தண்ணீர் இல்லை, அட, நான் அழுதுகொண்டிருக்கிறேன், ஒரு மணி நேரமாக உட்கார்ந்து அழுதுகொண்டு அதை ஃபார்மலின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். எண்ணிக்கொண்டிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மெதுவாக முகர்ந்தாள், அப்புறம் நெஞ்சு நிறைய இழுத்தாள். பாசி வாடை, சேற்று வாடை, கொஞ்சம் பச்சை வெள்ளரிக்காய் வாடை. குளம். வெறும் குளம். ஃபார்மலின் ஒரு சொட்டுகூட இல்லை.

ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தாள். கீழ்த்தட்டில் இன்னொரு பாட்டில், மூடியில் அவள் கையெழுத்திலேயே தண்ணீர் என்று மார்க்கரால் எழுதியிருந்தது, மதியம் சார் உப்பும் சாயமும் அளக்க வைத்திருப்பது. பரிசலில் உட்கார்ந்து வலையால் தண்ணீரை வடிகட்டும்போது வலையில் தங்கும் பூச்சி ஒரு பாட்டிலுக்குப் போகும், வலையைத் தாண்டி இறங்கிய சுத்தத் தண்ணீர் மற்றொரு பாட்டிலுக்குப் போகும், இரண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளை மூடி. நேற்றுக் காலை பாட்டில் நனைந்து சீட்டு ஒட்டவில்லை. சீட்டு ஒட்டாவிட்டால் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போட வேண்டும், மூடியில் எழுதக்கூடாது, மூடி என்பது கழன்று போகும் சாமான் கண்ணுகளா, பாட்டில் ஓரிடத்திலும் மூடி ஓரிடத்திலும் போனால் உங்க குளம் எந்தக் குளம்னு யாருக்குத் தெரியும், இப்படி எத்தனை பேரை எழுப்பி நிற்க வைத்திருக்கிறாள், போன வருஷம் ஒரு பெண்ணை அழவே வைத்துவிட்டாள். நேற்று பாடம் நடத்திய அந்த மகராசியே மார்க்கரை எடுத்து ஒரு மூடியில் பூச்சி, ஒரு மூடியில் தண்ணீர் என்று எழுதினாள். பூச்சிப் பாட்டிலில் மருந்தை விட்டாள், பரிசல் சுற்றியது, சென்னியப்பன் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார், இரண்டு மூடியும் மடியில் கிடந்தன, கைக்கு வந்ததை எடுத்துத் திருகினாள். ஃபிரிட்ஜ் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள். தும்மினாள். இன்னொரு தும்மல். மூன்றாவது. அடுத்த அறையிலிருந்து, "என்ன கோகிலா, எண்ண ஆரம்பிச்சாச்சா?" என்று சார் குரல் வந்தது. "ஆமாங்க சார்," என்று கத்தினாள், குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு மணி நேரமாக அவள் பூச்சியை வடிகட்டி எடுத்த தண்ணீரில் பூச்சி தேடியிருக்கிறாள்.

பிப்பெட்டால் அதிலிருந்து ஒரு மில்லி உறிஞ்சித் தகட்டில் விட்டாள். முதல் கட்டம், இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது கட்டத்தில் அவள் இருந்தாள், இரண்டு பக்கமும் முட்டைப் பை தொங்க, சந்தைக்குப் போய்த் திரும்புகிறவள் மாதிரி, ஒற்றைக்கண்ணி. செத்ததுதான், மருந்தில் விறைத்ததுதான், ஆனால் நேற்றுக் காலை எட்டு மணிவரை முட்டையைச் சுமந்துகொண்டு நீந்தியிருக்கிறாள், அவளைப்போல் இன்னும் ஆயிரமாயிரம் பேர் அங்கே இப்போது நீந்திக்கொண்டிருக்கிறார்கள். டிக். வலை! அண்ணா வலை போட்டிருப்பார்! போனை எடுத்தாள், பெயரைத் தொட்டாள், மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுங்கண்ணா. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், கண்ணை நுண்ணோக்கியில் வைத்தாள், டிக், டிக், ஒரு மணியோசைக்கு ஒரு டிக், அழைப்பு அறுந்தது, திரும்பவும் போட்டாள். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவனுக்குப் போன் எங்கே கேட்கும், இந்நேரம் இரண்டு முனையையும் இழுத்து வளைத்துக் கரைக்குக் கொண்டுவந்திருப்பார்கள், அரிசி கொட்டியதுபோல் குஞ்சு துள்ளும், நான் சொன்ன சொல்லுக்காக, டிக், பட்டினியிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துப் பரிமாறிய பந்தியிலிருந்து கையைப் பிடித்து எழுப்பிவிட்டேனே, டிக் டிக், எடுங்கண்ணா. திரும்பவும் அறுந்தது. திரும்பவும் போட்டாள். எண்ணிக்கொண்டே போனாள். நீர்த்தெள்ளு எங்கே? பெரிசுகள் எங்கே? எட்டாவது வரிசையில் ஒன்று, பதினான்காவதில் ஒன்று. வழக்கமாகப் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் மொத்தம் நாலே நாலு. சாயத்துக்கு முதலில் மண்டியிடுவது அதுதான், ஒரு நாளில் கூடையளவு பாசியை வழித்துத் தின்கிறவன் போய்விட்டால் குளம் பச்சையாகக் கொழகொழத்துவிடும், இந்த வருஷம் தண்ணீர் கொஞ்சம் நாறத்தான் போகிறது. ஆனால் பொடிசுகள், சக்கரவாய்க்காரர்கள், வாயில் ரோமச் சக்கரத்தைச் சுழற்றி இரை இழுக்கும் தூசி அளவுப் பயல்கள், அவர்கள் அப்பிக் கிடந்தார்கள், பெரியவர்கள் காலி செய்த வீட்டில் குடியேறியதுபோல் கட்டத்துக்குக் கட்டம் இருந்தார்கள். விரல் நீளக் குஞ்சுக்கு இதுவும் சோறுதான். விருந்து இல்லை, கஞ்சி. கஞ்சி குடித்தும் பிள்ளைகள் வளரத்தான் செய்கின்றன. கடைசிக் கட்டம். எண்பத்தேழு. போன தடவையைவிட இருபத்தைந்து கூட. ஐயோ, எடுங்கண்ணா.

"சொல்லுங்க டீச்சர்."

அவள் போனைப் பாய்ந்து எடுத்தாள்.

"அண்ணா, வலை போட்டாச்சுங்களா?"

"இல்லீங்க."

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காரப் போனாள், ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தரை சில்லென்று இருந்தது. இல்லீங்க என்ற சொல் இத்தனை இனிப்பாக இருக்கும் என்று யார் சொன்னார்கள்.

"தப்பு எம்மேலதானுங்கண்ணா. பாட்டில் மூடிய மாத்திப் போட்டுட்டேன். வடிகட்டுன தண்ணியப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டேன். பூச்சி இருக்குதுங்க. பெருசு நெம்பக் கம்மி, சிறுசு நெறைய இருக்குது. குஞ்சுக்குப் போதுமுங்க."

"அப்பிடீங்களா," என்றார் சென்னியப்பன். அதில் ஆச்சரியமே இல்லை. "எனக்கும் அப்பிடித்தானுங்க தோணுச்சு."

"தோணுச்சுங்களா? அப்பறம் எதுக்குங்க செரின்னு வெச்சீங்க?"

"வேற என்னுங்க சொல்றது? படிச்சவங்க சொல்றீங்க, போன்லயே எதுத்துப் பேச வாய் வருமுங்களா? நீங்க சொன்னத இன்னும் ஒருத்தர்கிட்டயும் சொல்லுலீங்க. சொன்னா அப்பவே வலையத் தூக்கிட்டு வந்துருவானுக. சித்த நேரம் நாமளே பாப்போம்னு பரிசலத் தள்ளிட்டு மடைக்கிட்டப் போயிட்டனுங்க. போனு கரையில சட்டையிலயே இருந்துருச்சு, இப்பத்தான் வந்து எடுக்கறேன்."

"பாத்தீங்களா? என்ன பாத்தீங்க?"

"குஞ்சுதானுங்க. கும்பல் கும்பலா மேயுது. ஒண்ணொண்ணும் பின்னால நூலாட்டம் புழுக்கைய இழுத்துட்டுத் திரியுதுங்க டீச்சர். முன்னால ஒண்ணும் போகாம பின்னால எப்பிடீங்க வரும்?"

அவள் சிரிக்க வாயைத் திறந்தாள், திறந்த வாய் அப்படியே நின்றது. நூல். பட்டினி கிடக்கும் மீனுக்கும் நூல் வரும், குடலின் சளிதான் வரும், வெள்ளையாக வரும், அது சோறு தின்ற அடையாளமில்லை, சோறு இல்லாத அடையாளம். பூச்சி இருப்பது ஒன்று, குஞ்சு அதைத் தின்பது வேறு, சாயம் குஞ்சின் கண்ணை மந்தமாக்கியிருந்தால் எதிரில் இருக்கிற சோறு எதற்கு ஆகும்?

"என்ன நெறமுங்க?"

"எதுங்க, புழுக்கைங்களா?"

"ஆமாங்கண்ணா. வெள்ளையா இருக்குதா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"அதயெல்லாம் யாருங்க பாத்தா? இருங்க."

கல்லில் கால் வைத்து இறங்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் சளசளத்தது. தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், ஒரு மீன்கொத்தி சிலுசிலுவென்று கத்திக்கொண்டு போனது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது, குனிந்திருப்பார், எழுபது கிலோ மனுசன் விரல் நீளக் குஞ்சின் பின்பக்கத்தைப் பார்க்கக் குனிந்துகொண்டிருக்கிறார், நான் சொன்னேன் என்பதற்காக. கோகிலவாணி தரையில் உட்கார்ந்தபடியே பதிவேட்டையும் பேனாவையும் மேசையிலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணா."

"பச்சைங்க. நல்ல கரும்பச்சை. ஒண்ணு ரெண்டு இல்லீங்க, அத்தனையும் பச்சைதானுங்க."

அவள் சிரித்தாள். பாசி தின்ற பூச்சியைத் தின்றால்தான் அந்தப் பச்சை வரும், அடுத்த அறையில் சார் நாற்காலியை நகர்த்தும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தாள், சென்னியப்பனும் என்ன ஏது என்று தெரியாமல் அந்தப் பக்கம் சிரித்தார். பதிவேட்டில் இன்றைய தேதிக்கு நேராக எண்பத்தேழு என்று எழுதினாள். அதன் கீழ் வரியில், பத்தொன்பது வருஷத்தில் யாரும் எழுதியிராத ஒன்றை எழுதினாள்: குஞ்சின் புழுக்கை, கரும்பச்சை, பார்த்தவர் சென்னியப்பன். சார் கேட்பார். கேட்கட்டும் என்று அடியில் ஒரு கோடும் போட்டாள்.